வாயில்லாப் பிராணியும் வைத்தியப் பரிசோதனையும்

மனிதனுக்கு நோய் வந்தால் அவன் வாய்விட்டுச் சொல்கிறான். குழந்தைக்கு வந்தால் அது அழுகிறது, தாய் புரிந்துகொள்கிறாள். வீட்டில் வளரும் நாய்க்கு நோய் வந்தாலோ அது சொல்வதுமில்லை, பெரும்பாலும் அழுவதுமில்லை. ஒரு மூலையிற் சென்று படுத்துக்கொள்கிறது. அதன் உடம்பினுள் நடப்பதை நமக்கு எடுத்துரைக்க வல்லவை அதன் இரத்தமும் சிறுநீருமே. இரத்தம் எடுப்பது மருத்துவரின் வேலை. சிறுநீரைப் பிடித்துக் கொடுப்பது வீட்டாரின் வேலை. கேட்பதற்கு அற்பமாகவும், சிலருக்கு அருவருப்பாகவும் தோன்றும் இவ்வேலையில் ஓர் உயிரே தங்கியிருக்கக்கூடும் என்பதை எங்கள் இல்லத்தில் அண்மையில் கண்டோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் நாய் வளர்வதால், அறிந்ததைச் சொல்வது பயன்படும் என்று கருதி இதனை எழுதலானேன்.

தங்கவயலில் நாயில்லாத தெரு இல்லை. சுரங்கங்கள் ஓடிய காலத்தில், ஆண்கள் இரவு ஷிப்டுக்குச் சென்றபின் லைன் வீடுகளுக்குக் காவலாய் நின்றவை நாய்களே. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அதே வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். பகலெல்லாம் முதியோரும் குழந்தைகளும் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு இன்றும் நாயே துணை.

எங்கள் வீட்டு நாயின் பெயர் இராணி. நாட்டு நாய், பெண், வயது ஒன்பது, எடை பதினைந்து கிலோ. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பூமிக்கடியில் உழைத்த என் தந்தையார், மழையில் நனைந்து கிடந்த குட்டியை ஒருநாள் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அது அவருடைய கட்டிலின் கீழேயே படுக்கும். வீட்டுக்குள் ஒருநாளும் அசுத்தம் செய்து அறியாது.

அப்படிப்பட்ட நாய் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் திடீரென்று திண்ணையை நனைக்கத் தொடங்கிற்று. இரவில் இருமுறை, மும்முறை எழுந்து கதவைப் பிறாண்டிற்று. வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் இடத்துத் தண்ணீரையும் நக்கிற்று. நன்றாகத் தின்றது, ஆயினும் விலா எலும்பு தெரிய இளைத்தது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் கொணர்ந்து வளர்ந்த ஊர் எங்களுடையது. ஒரு குடம் தண்ணீரின் அருமையை இங்குள்ள ஒவ்வொரு பெண்ணும் அறிவாள். நாளுக்கு நாலைந்து முறை திண்ணையைக் கழுவ வேண்டியிருந்ததால் என் மனைவி சலித்துப் போனாள். எங்கள் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. அதே திண்ணையில்தான் விளையாடும்.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, “தம்பி, நாய்க்கு வயதாகிவிட்டது. இனி அது இப்படித்தான். நீங்கள் இரயிலில் வேலை பார்ப்பவர். பங்காருப்பேட்டைக்கு அப்பால் ஏதாவது ஒரு நிலையத்தில் இறக்கி விட்டுவிடுங்கள். திரும்பி வராது” என்று சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பலரும் செய்வதையே சொன்னார். நிலையங்களில் பணி செய்யும் என் போன்றோர் இத்தகைய நாய்களைக் கண்டிருக்கிறோம். வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் அவை எழுந்து வந்து, இறங்குவோரின் கால்களை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்க்கும். சில வாரம் அவ்வாறு செய்யும். பிறகு காணப்படா.

இந்நிலையில் என் தாயார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இராணி நனைத்த இடத்தில், சுவரோரமாக எறும்புகள் சாரி சாரியாக மொய்த்திருந்தன. “உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோதும் இப்படித்தான் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். இதற்கும் அதுதானோ என்னவோ? டாக்டரிடம் கேட்டுவிட்டு வா” என்றார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எறும்பை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது என்றார். மிகுந்த தாகமும் மிகுந்த சிறுநீரும் பல நோய்களுக்குப் பொது. சிறுநீரகம் பழுதுபட்டாலும் வரும், நீரிழிவிலும் வரும், குட்டி ஈனும் பருவத்துப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினாலும் வரும். எலிக் காய்ச்சலையும் மறத்தலாகாது என்றார். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சிறுநீரகம் கெட்ட நாய்க்கும் நீரிழிவுற்ற நாய்க்கும் ஒரே பத்தியம் வைத்தால் ஒன்று பிழைக்கலாம், மற்றொன்று சாகலாம். ஆகையால் முதலில் விடியற்காலைச் சிறுநீர் வேண்டும் என்றார். நாம் குடிக்கும் நீரால் இளகாமல், இரவெல்லாம் தேங்கி அடர்ந்து நிற்பதால் விடியற்காலை நீரே உண்மையை நன்கு காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமாயின், மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசி செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார். முதற்சோதனைக்கு வீட்டில் பிடித்ததே போதும்.

அவர் இட்ட முதல் வேலை தண்ணீரை அளப்பது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் எஞ்சியதைக் கழிக்க வேண்டும். நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேற்போனால் அது நோயின் குறி. இராணி ஒன்றரை லிட்டருக்குள் குடித்திருக்க வேண்டும். இரண்டரை லிட்டருக்கு மேல் குடித்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. திண்ணை நனைகிறதே என்று தண்ணீரைக் குறைத்து வைப்பவர் உண்டு. அது பெருந்தீங்கு. நோயுற்ற நாய் நீரை இழப்பதனாலேயே குடிக்கிறது. குடிப்பதைத் தடுத்தால் உடல் வறண்டு இறக்கவும் கூடும். மருத்துவர் சொன்னாலன்றி, சோதனைக்காகவும் தண்ணீரையோ உணவையோ நிறுத்தலாகாது.

நிற்க. சிறுநீர் பிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். நாய் மானமுள்ள பிராணி. அது அமர்ந்திருக்கும் வேளையில் திடீரென்று ஒரு பாத்திரத்தை நீட்டினால் மிரண்டு எழுந்து, அடக்கிக்கொண்டுவிடும். பிறகு அன்று முழுவதும் நம்மைக் கண்டாலே ஒதுங்கும். ஆதலால் பாத்திரத்தை மட்டுமன்று, நாயையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டும். இதற்கு மூன்று நாளேனும் ஒதுக்குவது நலம்.

ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொண்டோம். விளிம்பு சிறிது உயர்ந்த, ஆழமில்லாத தட்டுகள். ஒன்று பழக்குவதற்கு, மற்றொன்று சோதனை நாளுக்கு. பழக்கும் தட்டை ஒரு மூங்கிற் கழியின் நுனியில் கட்டி, முதல் நாள் இராணி படுக்கும் இடத்தருகே சும்மா போட்டுவைத்தோம். அது முகர்ந்து பார்த்தது. ஒன்றுமில்லை என்று கண்டு படுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் அதிகாலையில் கழுத்துப்பட்டையிற் கயிறு கட்டி, வழக்கமாகச் செல்லும் சயனைடு மண்மேட்டுப் பாதையிலேயே, கழியையும் உடன் எடுத்துக்கொண்டு நடந்தேன். அது அமர்ந்தபோது தட்டை அருகிற் கொண்டுபோகவில்லை. “போ இராணி” என்ற ஒரே சொல்லை மெல்லச் சொன்னேன். முடிந்ததும் வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்தேன். மூன்றாம் நாள் தட்டைப் பின்புறமாகத் தரையோடு தள்ளினேன். திரும்பிப் பார்த்தது, நிறுத்திவிட்டது. வைதலோ இழுத்தலோ கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆகவே முட்டையைக் கொடுத்து வீடு திரும்பினேன். நான்காம் நாள் திரும்பிப் பார்த்தது, ஆனால் நிறுத்தவில்லை.

ஆண் நாய்க்கு முறை வேறு. அது காலைத் தூக்கும். போகும் வழியெல்லாம் சிறிது சிறிதாக விடும். காலையில் முதன்முதல் தூக்கும்போதுதான் நீண்ட தாரை வரும். அதற்குத் தட்டைவிட, நீண்ட காம்புள்ள ஆழமான கரண்டியே ஏற்றது.

பாத்திரத்தின் தூய்மை இதில் உயிர்நிலை போன்றது. ஊறுகாய்ப் புட்டியோ ஜாம் புட்டியோ உதவாது. அதில் ஒட்டிய இனிப்பு, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டிவிடும். பிளீச்சிங் நீரும் சோப்பும் மிஞ்சியிருந்தாலும் சோதனை தவறும். சோப்பால் துலக்கி, பலமுறை நல்ல நீரில் அலசி, கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். துணியால் துடைக்க வேண்டுவதில்லை. நாயின் பின்புறத்தில் மயிர் நீண்டிருந்தால் கத்தரித்து, வெறும் நீரால் துடைத்து ஈரம் போக்க வேண்டும். டெட்டால் முதலியன கூடா.

கையுறை அணிவதும் இன்றியமையாதது. எலிக் காய்ச்சலின் கிருமி நோயுற்ற விலங்கின் சிறுநீரில் வெளிவந்து, மனிதரின் தோற்புண் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உட்புகும். இக்கிருமியை 1915ஆம் ஆண்டளவில் ஜப்பானிய மருத்துவர்களான இனாடாவும் இடோவும் கண்டுபிடித்தது, மஞ்சள் காமாலையுற்ற சுரங்கத் தொழிலாளரிடத்தில் என்பதை இங்குள்ளோர் நினைவிற் கொள்ளலாம். ஈரமும் எலியும் சேர்ந்த இடத்தில் அது வாழும். இதற்கெனத் தனிச் சோதனையும், நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியும் உண்டு. முடிவு தெரியும்வரை குழந்தையைத் திண்ணைக்கு விடாமல் என் மனைவி உள்ளறையிலேயே வைத்திருந்தாள்.

சோதனைக்குக் குறித்த நாளின் முன்னிரவில் இராணியால் விடியும்வரை பொறுக்க இயலவில்லை. தந்தையாருக்கும் சர்க்கரை நோயால் இரவில் எழும் பழக்கம் உண்டு. அவர் எழும்போதெல்லாம் அதனையும் வெளியே விட்டு அழைத்து வந்தார். இரண்டு மணிக்குப் பிறகு அது உறங்கிற்று. ஐந்து மணிக்குக் கயிற்றைப் பிடித்தேன். நாய் மூக்கைத் தரையில் வைத்து ஒரே இடத்தைச் சுற்றினால் அதுவே அடையாளம். நேரே நின்று உற்றுப் பார்க்கலாகாது. பக்கத்தில் நின்று, வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்க வேண்டும். முதலில் வரும் தாரை வழியிலுள்ள அழுக்கைக் கழுவிக்கொண்டு வருமாதலால் அதை மண்ணில் விட்டு, நடுவில் வருவதையே பிடிக்க வேண்டும். அன்று தட்டில் மண் தெறித்து விழுந்தது. அதைக் கொட்டிவிட்டு, தட்டை மீண்டும் துலக்கி வைத்தோம். தரையிலிருந்து வழித்ததும் மண் கலந்ததும் சோதனைக்கு ஆகா. மறுநாள் புல்தரையில் அமரும்வரை காத்திருந்தேன். தெளிந்த நீர் தட்டில் விழும் ஓசை கேட்டது. இராணி அசையவில்லை.

ஐந்து முதல் பத்து மில்லி லிட்டர் இருந்தாற் போதும். ஊசியில்லாத சிரிஞ்சினால் உறிஞ்சி, மருந்துக் கடையில் விற்கும் தூய மூடிக்குப்பியிலிட்டு, நாயின் பெயர், பிடித்த நேரம், பிடித்த முறை ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது உத்தமம். இயலாவிடில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்கலாம்; உறைய வைக்கும் தட்டில் வைக்கலாகாது. குளிர்ந்த நீரில் உப்புப் படிகங்கள் தாமே தோன்றி, கல்லடைப்போ என்று ஐயுறச் செய்யும். எனவே குளிரவைத்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வெயில் படாமலும் காக்க வேண்டும். பெங்களூர்ச் சோதனைச் சாலைக்கு அனுப்ப நேர்ந்தால், வண்டிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதை எண்ணிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

மருத்துவர் முதலில் நீரின் அடர்த்தியைப் பார்த்தார். சிறுநீரகம் நன்றாயிருக்கும் நாய், நீரை இறுத்து 1.030க்கு மேல் அடர்த்தியாக்க வல்லது. எப்போது பார்த்தாலும் 1.008க்கும் 1.012க்கும் இடையிலேயே நின்றால் சிறுநீரகம் தளர்ந்தது என்று ஐயுறலாம். சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கெட்டபிறகே இவ்வாற்றல் குறையும். நான்கில் மூன்று பங்கு கெட்டபிறகே இரத்தச் சோதனையில் தெரியும். அதாவது, இரத்தத்தைக் காட்டிலும் சிறுநீர் முந்திச் சொல்கிறது. இராணியின் சிறுநீரகம் பிழைத்திருந்தது. ஆனால் சோதனைப் பட்டையில் சர்க்கரையின் கட்டம் நிறம் மாறிற்று. உடனே இரத்தமும் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். என் தாயாரின் எறும்பு பொய் சொல்லவில்லை.

சிறுநீரைக் கொண்டு நோயறிவது நம்மவர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளில் சிறுநீரும் ஒன்று. காலை நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாய் நெளிகிறதா, மோதிரமாய் வளைகிறதா, முத்தாய் நிற்கிறதா என்று கண்டு வாத பித்த கபம் அறியும் நெய்க்குறி முறையைத் தேரையர் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. நீரிழிவு என்னும் பெயரே நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றிவிட்டு ஆராய்ந்தனர். வீட்டுப் பழக்கம் நன்கு கற்ற அந்நாய், ஆய்வுக்கூடத்துத் தரையை ஓயாமல் நனைக்கத் தொடங்கிற்று. மின்கோவ்ஸ்கி அச்சிறுநீரைச் சோதித்தார். அதில் சர்க்கரை இருந்தது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு அவ்வாறுதான் உலகுக்குத் தெரிந்தது. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டே ஆராய்ந்து இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் அது முதன்முதல் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் அம்மருந்தால் உயிர் வாழ்கின்றனர்! தரையை நனைத்த ஒரு நாயை அடித்துத் துரத்தாமல், ஏன் நனைக்கிறது என்று ஒருவர் கேட்டதன் பயன் அது. இச்செய்தியை நான் சொன்னபோது தந்தையார், “அப்படியானால் நான்தான் இராணிக்குக் கடன்பட்டவன்” என்று சொல்லிச் சிரித்தார்.

இராணிக்கு இப்போது பன்னிரண்டு மணிக்கொருமுறை, உணவுக்குப் பின் தோலடியில் இன்சுலின் ஊசி. என் பணி நேரம் மாறி மாறி வருவதால் தந்தையாரும் என் மனைவியுமே போடுகின்றனர். மருந்துக்குரிய அளவுள்ள சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும். 40 அலகு மருந்தை 100 அலகுச் சிரிஞ்சில் ஏற்றினால் அளவு பிழைத்து ஆபத்தாகும். நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை குறைந்துவிட்டது என்று கொண்டு, ஈறில் தேன் தடவி மருத்துவரிடம் விரைய வேண்டும். சர்க்கரையில்லா மிட்டாய்களிற் சேரும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு, தவறியும் கொடுக்கலாகாது. குட்டி ஈனும் பருவத்துச் சூலகச் சுரப்புகள் நோயை வளர்க்குமாதலால் சூலகமும் கருப்பையும் நீக்கும் சிகிச்சையும் செய்யப்பட்டது. சிறுநீரை அவ்வப்போது பிடித்துப் பார்க்கிறோம்; ஆனால் அதைக் கொண்டு மருந்தின் அளவை நாமே மாற்றுவதில்லை. பழக்கிய பழக்கத்தால் இப்போது தட்டைக் கண்டதும் இராணியே முட்டையை எதிர்பார்த்து அமர்கிறது.

செலவு இல்லாமலில்லை. சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நோய் முற்றிலும் தீரப்போவதுமில்லை. நீரிழிவுற்ற நாய்களுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில் புரை விழும். இராணியின் வலக்கண் மங்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் எலும்பு மூடிச் சதை பிடித்திருக்கிறது, இரவில் உறங்குகிறது, திண்ணை உலர்ந்திருக்கிறது, குழந்தை அங்கே விளையாடுகிறது.

மதுரையிற் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் தொடங்கி வைத்த முயற்சியின் பயனாக, 1960இல் பிராணி வதைத் தடைச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பசியும் தாகமும் உற்று வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். சட்டம் இருப்பது நல்லதே. ஆனால் விடியற்காலையில் தட்டும் கழியும் ஏந்தி நடக்கும்படி எந்தச் சட்டமும் ஒருவரை ஏவாது. அது வீட்டாரின் மனத்தில் எழ வேண்டும்.

எனவே அன்பர்களே, உங்கள் வீட்டு நாய் இத்தனை நாள் இல்லாத வழக்கமாகத் தரையை நனைத்தால், மூப்பென்றும் கொழுப்பென்றும் முடிவு கட்டாதீர்கள். தண்ணீரை அளந்து பாருங்கள். மூன்று நாள் பொறுத்து அதனைப் பழக்கி, ஒரு சிறு குப்பியில் அதன் நீரைப் பிடித்து மருத்துவரிடம் கொடுங்கள். சொல்ல வாயில்லாத உயிர் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் குப்பியில் இருக்கும்.